அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ

எமது ஆலயத்துக்கு வரும் குடும்பங்களை எண்ணிப் பார்த்தால், வைத்தியத் துறையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத குடும்பம் ஒன்றைக் காண்பது அரிது. வைத்தியர்களையும் மருந்தாளர்களையும் எல்லோருக்கும் தெரியும். அவர்களை விட, வாட்டுகளில் தாதியராகவும் தாதி உதவியாளராகவும் இருப்போர், முதியோர் இல்லங்களில் இரவுக் கடமை பார்ப்போர், வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்புச் செய்வோர் என்று பலர் எம்மிடையே உள்ளனர். வெள்ளிக்கிழமைப் பூசையில் கண்ணை மூடி நிற்கும் சிலர், பக்தியால் மூடினார்களா நித்திரையால் மூடினார்களா என்று பகிடியாகச் சொல்வதுண்டு. அவர்களில் சிலர் பன்னிரண்டு மணித்தியாலக் கடமை முடித்து நேரே கோவிலுக்கு வந்தவர்கள்.

இவர்களோடு ஆறுதலாக இருந்து கதைத்துப் பார்த்தால், வேலை கூட, ஆட்கள் குறைவு என்ற முறைப்பாடுகளுக்குப் பின்னால் வேறொன்று மெதுவாக வெளிவரும். சரியில்லை என்று தெரிந்த ஒன்றுக்குத் துணை நிற்க வேண்டி வந்தது, செய்ய வேண்டியதைச் செய்ய முடியவில்லை, அந்த முகம் மனதை விட்டுப் போகவில்லை என்பார்கள். இம்மடலில் அதைப் பற்றிச் சிந்திக்க விரும்புகிறோம். குறிப்பாக, அவர்களை அந்த நிலைக்குத் தள்ளுவதில் எமது குடும்பங்களுக்கு உள்ள பங்கைப் பற்றி எழுத விரும்புகிறோம். வாசகர் சிலருக்கு இது சற்றுக் கசக்கலாம்.

1984 ஆம் ஆண்டில் அன்ட்ரூ ஜேம்டன் என்ற அமெரிக்க மெய்யியலாளர் தாதியர் தொழிலில் எழும் அறப் பிரச்சினைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். எது சரி என்று தெரியாமல் தடுமாறுவது ஒரு நிலை. இரண்டு சரிகள் ஒன்றோடொன்று மோதி, ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட வேண்டியிருப்பது இன்னொரு நிலை. தருமசங்கடம் என்று நாம் சொல்வது இதனையே. மூன்றாவது, எது சரி என்று நன்றாகத் தெரிந்திருந்தும், தொழில் செய்யும் இடத்தின் தடைகளால் அதைச் செய்ய முடியாமல் நிற்பது. இந்த மூன்றாவதற்கு அவர் கொடுத்த பெயர் பின்னர் உலகெங்கும் வழக்கில் வந்தது. தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் இல்லை. எமது பேச்சு வழக்கில் நோ என்றாலே வலி தானே. ஆகவே இக்கட்டுரைக்கு மட்டும் இதனை மனச்சாட்சி நோ என்று அழைக்கிறோம்.

ஜேம்டன் முதலில் கவனித்தது தாதியரை. வைத்தியர் கட்டளை இடுவார், போய்விடுவார். கட்டிலருகே எட்டு மணித்தியாலமும் பன்னிரண்டு மணித்தியாலமும் நிற்பவர் தாதி. பிற்பாடு வைத்தியர்களுக்கும் இந்த நோ உண்டு என்பது தெளிவாயிற்று. 2021 இல் பிரித்தானிய வைத்தியர் சங்கம் இந்நாட்டு வைத்தியர்களிடமே இதுபற்றிக் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. போதிய ஆளணி இல்லாமையே முதன்மையான காரணமாக அதிலே சொல்லப்பட்டது. ஆளணிப் பிரச்சினையை அரசாங்கந்தான் தீர்க்க வேண்டும். எமது கையில் உள்ள ஒன்றைப் பார்ப்போம். அது ஒரு சிறிய வசனம்: "அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ."

இது எப்படி நடக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. எழுபத்தைந்து வயதுத் தாயார். சாப்பாடு குறைகிறது, உடம்பு மெலிகிறது, ஜி.பி. அனுப்புகிறார், ஸ்கான் எடுக்கிறார்கள். முடிவு வந்த அன்று மகன் வைத்தியரை ஒழுங்கைக்கு அழைத்து, "அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ, அவ தாங்கமாட்டா. எது எண்டாலும் எங்களிட்டச் சொல்லுங்கோ" என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொள்கிறார். மகள் அழுகிறாள். இது அன்பினால் வரும் வேண்டுகோள் என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஆனால் அந்த வைத்தியரின் நிலையைப் பாருங்கள். இந்நாட்டில் வைத்தியர்களைப் பதிவு செய்யும் பொது மருத்துவ மன்றத்தின் வழிகாட்டல், உறவினர் கேட்டார் என்ற காரணத்துக்காக நோயாளியிடம் தகவலை மறைக்கக் கூடாது என்கிறது. சுயபுத்தியோடு இருக்கும் ஒருவருக்கு என்ன சிகிச்சை என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். மகனுக்கோ கணவருக்கோ அந்த உரிமை சட்டத்தில் இல்லை. 2015 ஆம் ஆண்டில் நடின் மொன்ட்கொமரி என்ற ஸ்கொட்லாந்துத் தாயாரின் வழக்கில், உயர் நீதிமன்றம் இதனை மேலும் உறுதியாக்கியது. நீரிழிவு நோயுள்ள அவருக்குப் பிரசவத்தில் இருந்த ஆபத்தைச் சொல்லியிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது, எவ்வளவு சொல்வது என்பதை வைத்தியரின் வழக்கத்தைக் கொண்டு அளந்த பழைய அளவுகோல் கைவிடப்பட்டது. அந்த நோயாளியின் இடத்தில் உள்ள ஒருவருக்கு எது முக்கியமோ அதைச் சொல்ல வேண்டும் என்பதே புதிய அளவுகோல். ஆகவே சொல்லாமல் விட்டால் வைத்தியர் தன் தொழில் நெறியை மீறுகிறார். சொன்னால், கண்ணீரோடு கேட்ட ஒரு குடும்பத்தின் முகத்துக்கு நேரே அதனை மறுக்கிறார். இது தருமசங்கடம். பெரும்பாலான வைத்தியர்கள் அதை எப்படியோ சமாளிக்கிறார்கள். அதற்குப் பயிற்சியும் உண்டு.

மனச்சாட்சி நோ அவரைத் தாண்டிக் கீழே இறங்கும்போதுதான் கடுமையாகிறது. மொழிபெயர்ப்பாளர் வருகிறார். வாசலிலேயே மகள் மறித்து, "அக்கா, அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதேங்கோ. கட்டி எண்டு சொல்லுங்கோ" என்கிறாள். சொன்னதைச் சொன்னபடி மாற்றுவதே மொழிபெயர்ப்பாளரின் தொழில் விதி. வைத்தியர் ஆங்கிலத்தில் புற்றுநோய் என்கிறார். மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் நிற்கிறார். அவருக்கு முன்னால் இருப்பது தன் தாயைப் போன்ற ஒரு தாய். அடுத்த கிழமை இதே குடும்பத்தைத் தேர்த் திருவிழாவில் காண வேண்டியும் வரும்.

அதைவிடக் கஷ்டமான நிலை தமிழ் தெரிந்த தாதி உதவியாளருடையது. வாட்டில் தமிழ் பேசும் முகம் அது ஒன்றுதான். தாயார் காலைக் குளிப்பின்போதும் இரவில் தலையணை மாற்றும்போதும் அந்தப் பிள்ளையையே கேட்கிறார்: "பிள்ளை, எனக்கு என்ன வருத்தம்? நீயாவது சொல்லு." அவளுக்குச் சொல்ல அதிகாரமில்லை. "டொக்டரிட்டக் கேளுங்கோ அம்மா" என்கிறாள். காலையில் வைத்தியர் வருகிறார், மொழிபெயர்ப்பாளருக்கு ஒழுங்கு செய்யப்படவில்லை, மகனே மொழிபெயர்க்கிறார். வைத்தியர் நோய் ஈரலுக்குப் பரவிவிட்டது என்கிறார். மகன் தமிழில், "புண் ஆறி வருதாம் அம்மா, இன்னும் கொஞ்ச நாள் மருந்து எடுக்கட்டாம்" என்கிறார். பக்கத்தில் படுக்கை விரிப்போடு நிற்கும் அந்தப் பிள்ளைக்கு இரண்டு மொழியும் விளங்குகிறது. அந்த அறையில் நடந்தது முழுவதும் தெரிந்த வெளியாள் அவள் ஒருத்திதான். வைத்தியரிடம் சொன்னால் தன் இனத்தவரைக் காட்டிக் கொடுத்தவள். சொல்லாவிட்டால் தாயை ஏமாற்ற உடந்தையானவள். அன்றிரவும் அந்தத் தாய் அவளைக் கேட்பார்.

இப்படியான அனுபவத்தை எமக்குச் சொன்னவர் ஒருவரல்லர். மகனைக் கெட்டவர் என்று அவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

"இது எங்கள் பண்பாடு, வெள்ளைக்காரருக்கு விளங்காது" என்று சொல்வது எமது வழக்கம். அது முழு உண்மையன்று. 1951 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இந்நாட்டு மன்னர் ஆறாம் ஜோர்ஜுக்குப் புற்றுநோயின் காரணமாக ஒரு பக்க நுரையீரல் அகற்றப்பட்டது. சத்திரசிகிச்சை பக்கிங்காம் அரண்மனையிலேயே நடந்தது. வெளியிடப்பட்ட அறிக்கை நுரையீரலின் அமைப்பில் மாற்றங்கள் என்று மட்டும் கூறியது. நோயின் பெயர் மன்னருக்கே சொல்லப்படவில்லை என்று அவரைப் பற்றி எழுதியோர் கூறுகின்றனர். 1952 பெப்ரவரியில் அவர் காலமானார். 1961 இல் டொனால்ட் ஓகன் என்பவர் சிக்காகோ வைத்தியசாலை ஒன்றின் வைத்தியர்களிடையே நடத்திய ஆய்வில், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புற்றுநோயாளிக்கு நோயைச் சொல்வதில்லை என்ற பக்கமே நின்றனர். 1979 இல் அதே கேள்வியை அமெரிக்காவில் மீண்டும் கேட்டபோது 97 வீதமானோர் சொல்வோம் என்றனர். பதினெட்டு வருடத்தில் ஒரு தலைமுறை வைத்தியர்கள் தலைகீழாக மாறிவிட்டார்கள். இடையில் சிகிச்சைகள் முன்னேறின, நோயாளரின் உரிமை பற்றிய சிந்தனை வளர்ந்தது. ஆகவே ஆதிகாலம் தொட்டு எமக்கே உரிய பண்பாடு என்று நாம் நினைப்பது, எமது பெற்றோரின் இளமைக் காலத்தில் இங்கும் இருந்த வழக்கந்தான்.

அப்படியானால் வெள்ளைக்காரர் செய்வதெல்லாம் சரியென்று தலையாட்ட வேண்டுமா? அதற்கும் நாம் தயாரில்லை. 1995 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 65 வயதுக்கு மேற்பட்ட 800 முதியோரிடம், பரவிய புற்றுநோயை நோயாளிக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் 87 வீதமானோர் ஆம் என்றனர். கொரிய வம்சாவளியினரில் 47 வீதமானோரே ஆம் என்றனர். இங்கே கேட்கப்பட்டவர்கள் பிள்ளைகளல்லர், முதியவர்களே. தீர்மானங்களைப் பிள்ளைகளின் தோளில் வைத்துவிட்டு இருப்பதையே விரும்பும் மூத்தவர்கள் உண்மையில் உண்டு. அந்தக் கொரியரிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் சொல்ல வேண்டும் என்றதையும் மறக்கக் கூடாது. எவர் எந்தப் பக்கம் என்பதை இனத்தைக் கொண்டு அறிய முடியாது. ஆளைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இந்த இடத்தில் வாசகர் யாராவது திருக்குறளை எடுத்துக்கொண்டு வருவார் என்று தெரியும். வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யையும் வள்ளுவர் ஏற்றுக்கொண்டார் அல்லவா என்பார். உண்மைதான். ஆனால் அதற்கு அடுத்த குறளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தனக்குத் தெரிந்த ஒன்றை மறைத்துப் பொய் சொன்னவரை அவரது மனமே பின்னர் வாட்டும் என்ற பொருளில் அமைந்தது அது. முதலாவது குறள், பொய்யால் கேட்டவருக்கு என்ன விளைந்தது என்று பார்க்கிறது. இரண்டாவது குறள், சொன்னவருக்கு என்ன விளைந்தது என்று பார்க்கிறது. ஜேம்டன் 1984 இல் எழுதியதன் சாரம் இந்த இரண்டாவது குறளில் இருப்பதாக எமக்குத் தோன்றுகிறது. அதோடு, குடும்பம் பொய் சொல்லத் தீர்மானித்தால் அதைச் சொல்பவர் குடும்பத்தில் உள்ளவராவது இருக்க வேண்டும் அல்லவா? பொய்யைத் தீர்மானிப்பவர் மகன். இரவு இரண்டு மணிக்கு அதைக் காப்பாற்ற வேண்டியவர் வேறொருவர் பெற்ற பிள்ளை.

"தாங்கமாட்டா" என்ற சொல்லையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். யாரைப் பற்றிச் சொல்கிறோம்? எமது தாய்மாரில் பலர் 1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு மழையிலும் நெரிசலிலும் தென்மராட்சிக்குக் குழந்தைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள். சிலர் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். கணவன் இங்கு வந்து சேரும்வரை கொழும்பில் லொட்ஜ் அறையில் மூன்று வருடம் காத்திருந்தவர்கள். இவர்களிடம் ஸ்கான் முடிவைச் சொன்னால் தாங்கமாட்டார்கள் என்று தீர்மானிப்பவர்கள், இந்நாட்டில் படித்து வளர்ந்த நாற்பது வயதுப் பிள்ளைகள். தாங்கமாட்டாதவர் உண்மையில் யார் என்ற கேள்வி எழுகிறது. தாய் அழுவதைக் காண எம்மால் தாங்க முடியாது என்பதை, தாயால் தாங்க முடியாது என்று நாம் மாற்றிச் சொல்கிறோமோ என்னவோ.

மறைத்தல் வெற்றி பெறுவதும் அரிது. ஊரில் மகரகமவுக்குக் கொண்டு போகிறார்கள் என்றாலே என்ன நோய் என்று எல்லோருக்கும் விளங்கும். தமிழ்நாட்டவருக்கு அடையாறு என்ற சொல் அப்படி. இங்கே பெயர்ப்பலகை வாசிக்கத் தெரியாவிட்டாலும், மருந்து ஏற்றும் அறையில் தலைமயிர் கொட்டிய பத்துப் பேர் சுற்றி இருக்கும்போது விளங்காதா? கனடாவில் இருக்கும் தங்கை திடீரென்று டிக்கெட் எடுத்து வந்து நின்றால் விளங்காதா? 1965 இல் பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் சான் பிரான்சிஸ்கோப் பகுதி வைத்தியசாலைகளில் மரணத்தறுவாயில் இருந்தோரை அவதானித்து ஒரு நூல் எழுதினார்கள். நோயாளிக்கும் தெரியும், உறவினருக்கும் தெரியும், இருவரும் தெரியாததுபோல் நடிக்கும் ஒரு நிலையை அவர்கள் விவரித்தார்கள். எமது வீடுகளில் இது நன்றாகவே நடக்கிறது. "பிள்ளைகள் கவலைப்படுவினம், எனக்குத் தெரியும் எண்டு சொல்லிப் போடாதை" என்று அந்தத் தமிழ் உதவியாளரிடமே தாய் கேட்டுக்கொள்வதும் உண்டு. அப்போது அவள் இரண்டு பக்க இரகசியத்தையும் சுமக்கிறாள்.

நடிப்பின் விலை பிறகுதான் தெரிகிறது. ஊரில் உள்ள காணி யாருக்கு, தாலிக்கொடியை எந்தப் பேத்திக்குக் கொடுப்பது, பத்து வருடமாகக் கதைக்காத சகோதரிக்கு ஒரு தொலைபேசி, நல்லூருக்கு ஒருதரம் போய் வருவது என்பவை எல்லாம் "சுகமான பிறகு பார்ப்போம்" என்று தள்ளப்படுகின்றன. பயணம் செய்யக்கூடிய உடல்நிலை இருந்த மூன்று மாதமும் இப்படியே போய்விடும்.

இனி மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நீதியாகாது. எமது குடும்பங்கள் வைத்தியசாலைகளை நம்பாததற்கு ஆதாரமில்லாமல் இல்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் லிவர்பூலில் உருவாகிய ஒரு பராமரிப்பு முறை, இறக்கும் தறுவாயில் உள்ளோரை வேதனையின்றிப் பார்ப்பதற்காக நாடெங்கும் பின்பற்றப்பட்டது. நோக்கம் நல்லது. ஒழுங்காகப் பின்பற்றிய இடங்களில் பலர் அமைதியாக இறந்தனர். ஆனால் பல இடங்களில் அது ஒரு படிவத்தை நிரப்பும் வேலையாகியது. குடும்பத்துக்குச் சொல்லாமலே நோயாளரை அதில் சேர்த்தார்கள், தண்ணீர் கேட்டவருக்கும் கொடுக்கவில்லை என்ற முறைப்பாடுகள் குவிந்தன. பரோனஸ் ஜூலியா நியூபேர்கர் தலைமையிலான விசாரணை 2013 யூலையில் அதனைக் கைவிடச் சொன்னது. கொரோனாக் காலத்தில், இதயம் நின்றால் மீள இயக்க வேண்டாம் என்ற குறிப்பைச் சிலருக்குக் கேட்காமலே எழுதினார்கள் என்ற கவலையைப் பராமரிப்புத் தர ஆணைக்குழு 2021 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. 2014 இலேயே மேன்முறையீட்டு நீதிமன்றம், அப்படியான குறிப்பை எழுதுமுன் நோயாளியோடு கலந்துபேச வேண்டும் என்று தீர்ப்பளித்திருந்தது. வைத்தியசாலை எம்மிடம் மறைத்தால் நாம் கொதிக்கிறோம். கொதிப்பது நியாயமே. அதே வைத்தியசாலையிடம் எமது தாய்க்கு மறைக்கச் சொல்லியும் கேட்கிறோம்.

உண்மையைச் சொல்லும் முறையிலும் இங்கே குறை உண்டு. திரைச்சீலை மட்டும் மறைத்த கட்டிலில், தொலைபேசி மொழிபெயர்ப்பாளரின் குரல் ஒலிபெருக்கியில் கேட்க, ஏழு நிமிடத்தில் ஒரு மனுசிக்கு அவளது மரணத்தை அறிவிப்பதை உண்மை பேசுதல் என்று நாம் கொண்டாட முடியாது. இதைச் செய்ய வேண்டி வந்த இளம் வைத்தியரும் அன்று நோவோடுதான் வீட்டுக்குப் போகிறார்.

வழி என்ன? பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அறியாமல் இருப்பதற்கும் நோயாளிக்கு உரிமை உண்டு. "எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம், மகளிட்டச் சொல்லுங்கோ" என்று தாயாரே சொன்னால், வைத்தியர் அதனை மதிக்கலாம். சிகிச்சைக்குச் சம்மதம் பெறுவதற்கு அவசியமான அளவை மட்டும் சொல்லி மிச்சத்தை மகளிடம் சொல்லலாம். பொது மருத்துவ மன்றத்தின் வழிகாட்டலிலும் இதற்கு இடமுண்டு. ஆகவே ஒழுங்கையில் வைத்தியரை மறிக்கும் மகன், "சொல்லாதேங்கோ" என்பதற்குப் பதிலாக, "அம்மா எவ்வளவு அறிய விரும்புகிறா என்று முதலில் அவவைக் கேளுங்கோ, ஒரு மொழிபெயர்ப்பாளரையும் கூப்பிடுங்கோ" என்று கேட்கலாம். ஸ்கானுக்குப் போகும்போதே, முடிவு வருமுன்னரே, வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கும்போது கேட்பது இன்னும் நல்லது. "அம்மா, முடிவு வந்தா உங்களுக்கு எல்லாம் சொல்லட்டோ, இல்லாட்டி எங்களிட்ட விடுறீங்களோ?" இதைக் கேட்க எமக்கு நாக்கு எழுவதில்லை. கேட்டவர்கள் சொல்கிறார்கள், பதில் பெரும்பாலும் உடனே வரும் என்று. தாய் அதை ஏற்கெனவே யோசித்து வைத்திருப்பார்.

பிற்காலத்தில் தனக்காகத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒரு பிள்ளையிடம் எழுத்தில் கொடுப்பதற்கும் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழியுண்டு. சொத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று என இரண்டு பத்திரங்கள். எம்மவர் சொத்துப் பத்திரத்தை மறப்பதில்லை. உடல்நலப் பத்திரம் தாய் சுயபுத்தி இழந்த பின்னரே செயற்படும் என்பதையும், சுயபுத்தி இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும் என்பதையும் அறிந்து வைத்தல் நன்று.

"எல்லாம் செய்யுங்கோ" என்ற இன்னொரு வசனத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இதயம் நின்றவரை நெஞ்சில் அழுத்தி மீட்பதை நாம் தொலைக்காட்சி நாடகங்களில் காண்கிறோம். அங்கே பெரும்பாலும் எழுந்து உட்கார்ந்து விடுவார்கள். உண்மையில் இந்நாட்டு வைத்தியசாலைக்குள்ளேயே இதயம் நின்றவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவரே உயிரோடு வீடு திரும்புகிறார். நோய் முற்றிய, எலும்பும் தோலுமான ஒரு முதியவருக்கு அந்த வாய்ப்பு மிகச் சொற்பம்; விலா எலும்புகள் முறிவது மட்டும் சாதாரணம். அழுத்துகின்ற கை ஒரு தாதியுடையது. கைக்குக் கீழே எலும்பு முறிவதை உணர்ந்துகொண்டு, இதனால் பயனில்லை என்று தெரிந்துகொண்டு, குடும்பம் கேட்டது என்பதற்காகத் தொடர்வது எப்படியிருக்கும் என்று அவர்களில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டு விடயமும் அப்படியே. பசித்தவருக்குச் சோறு கொடாமல் விடுவது எமக்குப் பாவம். ஆனால் உடல் அடங்கி வரும்போது பசியும் அடங்குகிறது. விழுங்க முடியாதவருக்குக் கரண்டியால் ஊட்டிய கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடலாம். முற்றிய மறதி நோயில் குழாய் மூலம் உணவு கொடுப்பதை வழமையாகச் செய்யக் கூடாது என்று 2018 இல் வந்த இந்நாட்டு வழிகாட்டல் கூறுகிறது. "பட்டினி போட்டுக் கொல்லுறியளோ" என்று எம்மவர் ஒருவர் கத்தினால், அந்தத் தாதி அதைப் பல நாள் மறக்கமாட்டாள். மாறாக, கடைசி நேரத்தில் கங்கை நீரோ ஆலயத் தீர்த்தமோ உதட்டில் நனைக்க விருப்பம் என்று முன்கூட்டியே சொன்னால், நனைத்த பஞ்சினால் செய்வதற்குப் பெரும்பாலான வாட்டுகளில் உதவுகிறார்கள். தேவாரம் போட்டுவிடவும் இடந்தருகிறார்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

கடைசியாக, கோவிலில் நாம் காணும் எமது வைத்தியர்களையும் தாதியரையும் பற்றி. அன்னதானத்துக்கு வரிசையில் நிற்பவரைத் தோளில் தட்டி, "தம்பி, அம்மா உங்கட ஆஸ்பத்திரியிலதான். ஒருக்கா கொம்பியூட்டரில பாத்துச் சொல்லுங்கோ" என்று கேட்பது எமக்கு இயல்பாகிவிட்டது. தன் பராமரிப்பில் இல்லாத ஒருவரின் பதிவைத் திறப்பது குற்றம், யார் எப்போது திறந்தார் என்பது கணினியில் பதிவாகும், வேலையே போய்விடலாம். அவர் மறுத்தால் பெருமை பிடித்தவர் என்கிறோம். மறுக்க முடியாமல் பார்த்துச் சொன்னவர் அன்று முழுவதும் நெஞ்சிடியோடு இருக்கிறார். அவர் நல்லெண்ணத்தோடு செய்யக்கூடியது ஒன்று உண்டு: வைத்தியசாலையில் யாரை, என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று எமக்குச் சொல்லித் தருவது. அதைக் கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்.

இவ்விடயத்தில் அனுபவமுள்ள வாசகர்கள், குறிப்பாக வாட்டுகளிலும் முதியோர் இல்லங்களிலும் கடமை புரிவோரும் மொழிபெயர்ப்பாளர்களும், தமிழிலோ ஆங்கிலத்திலோ எமக்கு எழுதலாம். எமது கருத்தோடு உடன்படாதவர்களும் எழுதுக. நோயாளரின் பெயரையும் வைத்தியசாலையின் பெயரையும் தவிர்த்துக்கொள்ளவும். எழுதுபவரின் பெயரை வெளியிட வேண்டாம் என்றால் கடிதத்தின் மேலே அதனைக் குறிப்பிட்டு, ஆலய அலுவலகத்தில் உள்ள மடற்பெட்டியில் சேர்ப்பிக்கவும்.